புறம்போக்கு

‘புறம்போக்கு’ என்னும் சொல் இன்று வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. எதற்கும் உதவாதவரைக் குறிக்க அதனை ஆள்வோர் உண்டு. நில ஆவணங்களிலோ அச்சொல்லுக்கு இழிவேதும் இல்லை. வரி விதிப்புக்குப் புறத்தே, பொதுப் பயனுக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட நிலமே புறம்போக்கு.

இவ்வழக்கம் தொன்மையானது. தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், ஊர்களின் நிலப்பரப்பைக் குறிக்கும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை வரி நிலத்திலிருந்து நீக்கிக் கணக்கிடுகின்றன. சேரியும் அதன் சுடுகாடும் தனியே பிரிக்கப்பட்டிருந்தமையும் அவற்றால் தெரியவருகிறது. பொது நிலம் எல்லார்க்கும் ஒருபடித்தாகப் பொதுவாய் இருந்ததில்லை.

ஆயினும், ஊரின் வாழ்வு அந்நிலத்தையே சார்ந்திருந்தது. மேட்டுநிலத்தில் பெய்த மழை வரத்துக்கால் வழியே ஏரியை அடையும். மதகின் வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாயும். மிகுந்த நீர் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். பகலில் மேய்ச்சல் வெளியில் மேய்ந்த ஆடுகள், இரவில் அறுவடை முடிந்த வயலில் கிடையமர்ந்து உரமிடும். இவ்வாறு, உழப்படாத நிலமே உழுத நிலத்தை வாழ்வித்தது.

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் தாமசு மன்றோ வேரூன்றச் செய்த இரயத்துவாரி முறை, ஒவ்வொரு வயலையும் அளந்து வரி விதித்தது. வருவாய் தரும் நிலமே அரசின் கண்ணில் பெருமதிப்புப் பெற்றது. வரி தராத நிலம் வீண்நிலம் என்னும் எண்ணமும் வலுப்பெற்றது. அவ்வெண்ணம் இன்றும் அகலவில்லை. வரத்துக்கால் மீது வீட்டுமனை எழுகிறது; ஏரி நீரின்றிக் கிடக்கிறது; பெருமழை வந்தாலோ, வழியிழந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுகிறது.

ஊர்ப்பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி, அவற்றை மீண்டும் ஊருக்கே அளிக்குமாறு 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. எனினும், ஆணை மட்டும் ஓர் ஓடையைக் காத்துவிடாது. சொந்த வயல் உள்ளவருக்கு வைக்கோலேனும் மிஞ்சும். நான்கு ஆடுகளையே செல்வமாகக் கொண்ட நிலமற்ற குடும்பத்துக்கு மேய்ச்சல் வெளியன்றி வேறு புகலில்லை. பொது நிலம் மறையும்போது முதலில் இழப்பவர் அவரே. கணக்கேட்டில் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட இடத்தை அளக்கச் செல்வோர், அங்கு மேயும் ஆடுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.