மணல் குடித்தது எவ்வளவு?

ஓடைத் தண்ணீர் வழக்குகளில் மேல்மடைக்காரர் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "நான் எடுக்காவிட்டாலும் அது உங்க வயலுக்கு வந்திருக்காது, வழியிலேயே மணல் குடித்திருக்கும்." இதை மறுப்பது சுலபமல்ல. ஓடாத தண்ணீரை எப்படி அளந்து காட்டுவது?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் அலுவலகம் வைத்திருக்கும் எனக்கு அந்தக் கேள்வி வீடூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. செஞ்சி மலைகளிலிருந்து இறங்கும் சங்கராபரணியில் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். 1959இல் கட்டிய வீடூர் அணையின் பாசனம் 3,200 ஏக்கர். அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரிக்கு. அணைக்கு மேலே ஆற்றில் சேரும் சிற்றோடை ஒன்றின் குறுக்கே மேல்மடைக்காரர் மண்கரை போட்டு மோட்டார் வைத்திருந்தார். கீழ்மடைக்காரரான என் கட்சிக்காரர் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பார் கவுன்சில் ஒன்றுதான் என்பதால், திண்டிவனம் நீதிமன்றத்தில் நானே ஆஜரானேன்.

சட்டத்தில் குழப்பமில்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7ஆம் பிரிவு: கரையோர நிலக்காரர் பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்கலாம், கீழே உள்ளவருக்குக் குறிப்பிடத்தக்க கேடு வராதவரை. கேடு எவ்வளவு என்பதில்தான் சண்டை.

பிரதிவாதி ஒரு ஓய்வுபெற்ற பொறியாளரைச் சாட்சியாகக் கொண்டுவந்தார். அவர் மேலேயும் கீழேயும் இரண்டு இடங்களில் மிதவை விட்டு அளந்திருந்தார். மிதவை காட்டுவது மேற்பரப்பு வேகம் என்பதால் அதை 0.85ஆல் பெருக்கி, ஓடையின் குறுக்கு வெட்டுப் பரப்போடு சேர்த்துக் கணக்கிடும் முறை. மேலே நுழைந்ததில் பாதிகூடக் கீழே வரவில்லை. கணக்கில் பிழையில்லை. குறுக்கு விசாரணையில் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஐயா, எந்த நாள் அளந்தீங்க?"

"அக்டோபரில், முதல் மழைத் தண்ணீர் வந்த அன்று."

எங்களுக்கு அந்தப் பதில் போதும். காய்ந்த மணல்படுகை முதல் தண்ணீரை வாங்கிக்கொண்டே இருக்கும். நனைந்து நிரம்பிவிட்டால் அந்த வேகம் விழுந்துவிடும். முதல் நாள் இழப்பைப் பருவம் முழுவதற்கும் நீட்டியதுதான் அவர்கள் வாதத்தின் ஓட்டை. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 26, விதி 9இன்கீழ் வழக்குரைஞர் ஆணையரை நியமிக்க மனுப் போட்டேன். நவம்பர் அடைமழைக்குப் பிறகு அதே இரண்டு இடங்களில், மோட்டாரை நிறுத்திவைத்து, அவர் அளக்கச் செய்தார். மேலே வந்ததைவிடக் கீழே சற்றுக் கூடுதலாகவே ஓடியது. கரையோர வயல்களின் கசிவு ஊற்றாக ஓடைக்குத் திரும்பியிருந்தது.

அடுத்தது, மோட்டார் எடுத்த அளவு. அதையும் கூட்டினால்தான் இயற்கையாக ஓடியிருக்க வேண்டியது எவ்வளவு என்று தெரியும். விவசாய மின்சாரம் இலவசம். அந்த இணைப்பில் மீட்டரே இல்லை. மும்முனை மின்சாரம் வந்த நேரத்தைத் துணைமின் நிலையப் பதிவேட்டிலிருந்து வரவழைத்தோம். டிரம் நிரம்பும் நேரத்தை வைத்து மோட்டாரின் இறைப்பைக் கணக்கிட்டு, இரண்டையும் பெருக்கினோம். அந்த நேரம் முழுவதும் மோட்டார் ஓடியது என்று சொல்ல முடியாது. ஆகவே அதை உச்ச வரம்பு என்றே குறித்தோம்.

பெரிய வழக்கிலும் அடிப்படை இதுதான். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று ஏற்ற 740 டி.எம்.சி. என்பது எந்த அளவுகோலும் நேரடியாகக் காட்டிய எண் அல்ல. கீழணையில் அளந்த நீரோடு மேலே பயன்படுத்தியதையும் சேர்த்து, இரண்டாண்டில் ஓராண்டாவது கிடைக்கும் என்ற நம்பகத்தில் எடுத்தது. அதில் காரைக்காலுக்காகப் புதுச்சேரி பெற்றது 7 டி.எம்.சி.; தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போகும் என்று தனியே ஒதுக்கியது 4.

ஆணையர் அறிக்கை வந்தபின் எதிர்த்தரப்பு பேச்சுக்கு இறங்கிவந்தது. முதல் வெள்ளம் கீழ்மடையைத் தொடும்வரை மேலே மோட்டார் ஓடாது. தொட்ட பிறகு நாள் முறை. கட்டளை 23, விதி 3இன்படி சமரசத் தீர்ப்பாணை ஆனது. பங்கு இத்தனை விழுக்காடு என்று அதில் எழுதவில்லை. மழைக்கு மழை மாறும் எண்ணை எழுதியிருந்தால் மறுவருடமே அடுத்த வழக்கு வந்திருக்கும்.

இன்றும் தண்ணீர் வழக்கோடு வருபவரிடம், பட்டாவைப் பார்ப்பதற்கு முன்பே, அளவு எடுத்த தேதியைக் கேட்டுவிடுகிறேன்.