பொனற்றுக்குக் கீழே 1959

வெள்ளவத்தைச் சந்தையடியில் பின்னேரம் காலி வீதி அசையாமல் நின்றுவிட்டால், பஸ்ஸுக்குப் பின்னால் அகப்பட்ட ஒரு மொறிஸ் மைனர் கொதிக்க அதிக நேரம் எடுக்காது. இன்ஜினில் பிழை தேட வேண்டியதில்லை. கார் ஓடும்போது கிறில் வழியாகக் காற்றுத் தானாக உள்ளே வரும். நிற்கும்போது காற்றை இழுக்க இருப்பது தண்ணீர்ப் பம்பின் முகப்பில் பூட்டிய சிறு விசிறி மட்டும்தான். அது இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜின் மெதுவானால் அதுவும் மெதுவாகும். காற்று ஆகக் கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் ஆகக் குறைவாகத் தரும். ஒக்ஸ்போர்ட் பக்கத்தில் கௌலி தொழிற்சாலையில் இந்தக் காரைச் செய்தவர்கள் எங்களுடைய வெயிலையும் காலி வீதியையும் மனத்தில் வைத்துச் செய்யவில்லை.

மருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். மின்விசிறி ஒன்று, குழாய்கள் கூடிய ரேடியேற்றர் ஒன்று, வழியும் தண்ணீரைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் போத்தல் ஒன்று. பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கையில் வந்துவிடும். பூட்டி முடித்துப் பொனற்றைத் திறக்கும்போதுதான் வயிறு எரியும். வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல், மினுங்கும் அலுமினியம், சிவப்பும் நீலமுமாய் வயர்கள். அறுபது வருடத்துக்கு மேல் கட்டிக்காத்த கார் ஒரே நாளில் ஒட்டுப்போட்ட கார் ஆகிவிடும்.

அந்த வயிற்றெரிச்சலுக்கு வைத்தியம் பார்க்கும் பட்டறை ஒன்று கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அங்கே போக எனக்கு வழி காட்டியவர் வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கையொன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர். அவருடைய மைனர் 1959இல் தகப்பனார் வாங்கியது. 948 சிசி இன்ஜின், சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத்தகடு. அந்த ஸ்ரீ எழுத்துக்குத் தமிழர் காட்டிய எதிர்ப்பும் கலவரமும் ஓய்ந்த கையோடு ஒரு தமிழர் அந்தத் தகட்டோடு கார் ஓடியிருக்கிறார். அதைப்பற்றிக் கேட்டால் மகன் சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார்.

இந்தக் கார்கள் இங்கே இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. இருந்ததைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு ஜப்பான் கார்கள் வந்து குவிந்தபோது, ஒரு தலைமுறை கைவேலைக்காரர் ஏற்கெனவே உருவாகிவிட்டார்கள். பிரித்தானியாவில் பாத் நகரத்தில் மைனர் கார்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்த சார்ள்ஸ் வெயார், அவற்றின் தகடுகளையும் உதிரிப்பாகங்களையும் இலங்கையில் செய்விக்க வந்தது அந்தக் கைகளைத் தேடித்தான். பிறகு 2020 மார்ச்சிலிருந்து ஐந்து வருடமளவுக்குத் தனியார் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. பழைய கார்களைத் தூசு தட்டி எடுத்தவர்கள் பலர்.

பட்டறைக்காரருக்கு எழுபது தாண்டியிருக்கும். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லாரும் 'பாஸ்' என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. நான் போன நேரம் மைனரின் ரேடியேற்றர் மேசைமேல் கிடந்தது. மேல் தாங்கியைக் கழற்றப் போகிறார்.

காஸ் டோர்ச்சின் நீலச் சுவாலையைத் தாங்கியின் விளிம்பில் ஓர் இடத்திலும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். நின்றால் பித்தளை வளைந்துவிடும். ஈயம் முதலில் மங்கும், பிறகு சட்டென்று வெள்ளிபோல் ஈரமாகும். அந்தக் கணத்தில் இடது கையிலுள்ள கம்பித்தூரிகையால் ஓர் இழுப்பு. உருகிய ஈயம் துளித்துளியாகக் கீழே வைத்த தட்டில் விழுகிறது. விளிம்பை முழுக்கச் சுற்றி வந்ததும் தாங்கி தானாகவே கைக்குக் கழன்று வந்தது. உள்ளே பார்த்தேன். பைப் தண்ணீர் விட்டு ஓடிய வருடங்கள் எல்லாம் சுண்ணாம்புப் படையாகக் குழாய் வாய்களில் இருந்தன. பாதிக்கு மேல் அடைப்பு.

"பாருங்க சேர், இதுல எப்புடித் தண்ணி ஓடும்? ரேடியேற்றர மாத்தச் சொல்லி எல்லாரும் சொல்லியிருப்பாங்க. மாத்தத் தேவையில்ல. உள்ளுக்க உள்ளத மட்டும் மாத்தினா சரி."

உள்ளே இருப்பது என்றால் கோர். மேல் தாங்கி, கீழ்த் தாங்கி, பக்கத் தகடுகள் எல்லாம் 1959இன் அசல். நடுவிலுள்ள கோருக்குப் பதிலாக, அதே அகலம் உயரத்தில் குழாய்கள் நெருக்கமான செம்புக் கோர் ஒன்று வருகிறது. மீண்டும் ஈயம் வைத்து, மெல்லிய கறுப்பு அடித்தால், முன்னால் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் பிடிபடாது. பெயின்ட் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதில் பாஸ் கண்டிப்பு. தடித்த பெயின்ட் ரேடியேற்றருக்குப் போர்வை.

அலுமினிய ரேடியேற்றரை வாங்கி, அதன்மேல் பித்தளைத் தோல் ஒன்று போர்த்திவிட முடியாதா என்று கேட்டேன். வெளிநாட்டில் அப்படிச் செய்கிறார்கள். பாஸ் தலையை ஆட்டினார். பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இருக்க, நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் அரிபடும். வெள்ளவத்தையில் கடற்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது. "அங்க நிக்கிற காருக்கு நான் அத செய்ய மாட்டன்" என்றார். அலுமினியத்தில் அவருடைய ஈயம் பிடிக்காது என்பதும் உண்மை. அதை அவர் இரண்டாவதாகத்தான் சொன்னார்.

வெளிநாடு என்றேன். இந்த ஒளித்துவைக்கும் கலை அமெரிக்காவில் ஹொட் ரொட் கார்க்காரரிடையே பெரிய கலை. 1932இல் போர்ட் கம்பனி மலிவான காருக்கு 65 குதிரைவலு வி8 இன்ஜின் கொடுத்தது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பொடியன்கள் அந்தக் கார்களின் மட்காட்டைக் கழற்றி எறிந்து, இன்ஜினைக் கிண்டிக்கிளறி வேகம் பார்த்தார்கள். அந்த இன்ஜினில் புகை போகும் வழி சிலிண்டர்களுக்கு இடையால், புளொக்குக்குள்ளேயே போகிறது. புகையின் சூடு தண்ணீரில் இறங்கும். ஆகவே கொதிப்பது அதன் பிறவிக்குணம். இன்று அதே பாணியில் கார் கட்டுபவர்கள் புது ரேடியேற்றரை வைத்துவிட்டு, நாற்பதுகளில் செய்த மாதிரி மற்றவருக்குக் காட்ட என்னென்னவோ செய்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. இங்கே கார் மீன் வாங்கவும் கோயிலுக்குப் போகவும் ஓட வேண்டும். காலிமுகத்திடல் ஹோட்டலில் இளவரசர் பிலிப் 1940இல் 12 பவுணுக்கு வாங்கிய ஸ்டாண்டர்ட் நைன் கார் காட்சிக்கு நிற்கிறது. நிற்கும் காருக்குக் கொதிப்பு ஏது!

மின்விசிறி கொஞ்சம் சிக்கலான கதை. விசிறி பழைய சுசுகி அல்டோவின் ஏசியிலிருந்து கழற்றியது, மெல்லியது. மங்கல் கறுப்பு அடித்து, ரேடியேற்றருக்கும் கிறிலுக்கும் இடையில் வைத்தால் கிறில் கம்பிகளின் நிழலில் மறைந்துவிடும். அதுவரை சுகம். ஆனால் மைனரில் மின்சாரம் தருவது லூகாஸ் டைனமோ. முழு வேகத்தில்கூட அது 20 அம்பியர் அளவில்தான் தரும், இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. விசிறி சுற்ற வேண்டியதோ அந்த நேரத்தில்தான். இரண்டு ட்ராபிக் லைட் தாண்டுவதற்குள் பற்றரி இறங்கிவிடும்.

அதனால் டைனமோவின் கூட்டுக்குள் ஓல்டனேற்றர் ஒன்றைக் குடிவைக்க வேண்டியிருக்கிறது. இப்படிச் செய்தே விற்கிறார்கள். வெளியே பார்த்தால் அதே உருளை, அதே கப்பி. இதில் ஒரு வசதி பின்னால் வருகிறது. ஓல்டனேற்றருக்குள்ளேயே ரெகுலேற்றர் இருப்பதால், இன்ஜினுக்குப் பின்சுவரில் பூட்டியிருக்கும் லூகாஸ் ஆர்பி106 பெட்டிக்கு வேலை இல்லாமல் போகிறது. பாஸ் அதன் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சுருள்களுக்குப் பதிலாக விசிறியின் ரிலே உட்கார்ந்திருந்தது. மூடியை மூடினால் 1959. இந்த மாதிரி இடத்தில்தான் எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போகிறது. ஒன்றை மறைக்க இன்னொன்று இடம் விடுகிறது, புதிதாக எதையும் சுவரில் அறைய வேண்டியதில்லை.

அறையக் கூடாது என்பதுதான் அங்கே சட்டமும். காரின் அசல் தகட்டில் புது ஓட்டை ஒன்றுகூட விழக்கூடாது. விசிறியின் பிரக்கெற்றுகள் ரேடியேற்றரைப் பிடிக்கும் பழைய போல்ட்டுகளிலேயே ஏறுகின்றன. சூடு பார்த்து விசிறியைப் போடும் சுவிட்சுக்குத் தாங்கியில் துளை போடாமல், கீழ் ஹோஸை நடுவில் வெட்டி ஒரு சாண் பித்தளைக் குழாய் நுழைத்து அதில் புஷ் ஒன்று ஈயத்தால் ஒட்டுகிறார். இரு பக்கமும் இறப்பர் இருப்பதால் அந்தக் குழாய்க்கு ஏர்த் கிடைக்காது. அதற்கென்று ஒரு சிறு நாக்கு ஒட்டி வயர் இழுக்கிறார். கீழே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கழற்றிய பழைய கோர், டைனமோவின் உள்பாகம், ரெகுலேற்றரின் சுருள்கள் எல்லாம் பத்திரிகைத் தாளில் சுற்றிச் சொந்தக்காரர் கையில் போகின்றன. நாளைக்கு யாராவது பழையபடி வேண்டுமென்றால் ஒரு நாள் வேலை.

மறைப்பது ஏமாற்று இல்லையா என்ற கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. வாங்க வருபவரிடம் சொல்லாமல் விற்றால் ஏமாற்று. திருப்பக்கூடியதாகச் செய்து, சாமானையும் கையில் கொடுப்பது வேறு. பழைய கார்ப் போட்டிகளில் புள்ளி போடும் நடுவருக்கு இது ஒப்பாமல் போகலாம். அவர் காலி வீதியில் கொதிக்கும் காரில் இருந்து பார்க்கட்டும்.

சொந்தக்காரர் வந்தார். கையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல்.

"பாஸ், உதை எங்கையாவது ஒளிச்சு வைக்கேலுமோ பாருங்கோ."

"அது வேணாங்கய்யா. இந்தா, இது போதும்."

பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றின் பித்தளைத் தாங்கியை எடுத்து வைத்தார். பம்ப் இருந்த ஓட்டையை அடைத்து, அடிவரை போகும்படி ஒரு குழாய் இறக்கியிருந்தது. குழாய் அடிக்குப் போகாவிட்டால் இன்ஜின் ஆறும்போது தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். மூடியும் முக்கியம். 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடியால் கொதிநிலை 110 பாகையைத் தொடும். ஆனால் பழைய மூடியின் மேல்விளிம்பில் இறப்பர் வளையம் இல்லாததால் திரும்பி வரும் வழியில் காற்றுப் புகுந்துவிடும். புது மூடியை எடுத்து, அதன் தலைத்தகட்டை மட்டும் பழசிலிருந்து கழற்றிப் போட்டிருந்தார். ஹோஸ் கிளிப்புகளை நான் புதுசு என்று நினைத்திருப்பேன் என்று எண்ணினாரோ என்னவோ, துளையில்லாத, பல் அழுத்திய பட்டியைக் காட்டி, "இது பழைய மாதிரிதான் சேர்" என்றார். சரிதான். திருகு வைத்த ஜூபிலி கிளிப் 1921லேயே வந்துவிட்டது. தேமோஸ்டற்றையும் அவர் திருப்பி வைத்தார். கொதிக்கிறது என்றவுடன் அதைக் கழற்றி வீசுவது எங்கள் ஊர் மெக்கானிக்மாரின் வழக்கம். கழற்றினால் இன்ஜின் என்றைக்கும் சூடேறாமல் தேய்ந்துபோகும்.

அமிலப் புகைக்கும் ஈயத்துக்கும் நடுவில் முகமூடி இல்லாமல்தான் எல்லாம் நடக்கிறது. பட்டறையில் இன்னொருவர் இருக்கிறார், பாஸின் மருமகன். பிளாஸ்டிக் தாங்கி வைத்த புது ரேடியேற்றர்களை மாற்றிக் கொடுப்பதில்தான் அவருக்கு வருமானம். பழுதானால் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடுவது. ஈயம் உருக்கத் தேவையில்லை. பழைய கார்க்காரர்கள் வந்தால் மட்டும் மாமாவைக் கூப்பிடுகிறார்.

அன்று விசிறியை முதல்முறை போட்டபோது காற்று ரேடியேற்றருக்குள் போகாமல் முன்னால் அடித்தது. மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில் ஏர்த். ஓல்டனேற்றருக்காக அதை நெகற்றிவ்வுக்கு மாற்றியாகிவிட்டது, விசிறியின் வயரை மாற்ற மருமகன் மறந்திருந்தார். கிறிலுக்கு முன்னால் பிடித்த பீடிக் கட்டுத் தாள் பறந்து போனது. வயர்களை இடம் மாற்றினார்கள். தாள் கிறிலில் ஒட்டிக்கொண்டது.

ஐயாவுக்கு அடுத்த ஆசை ஏசி. பாஸ் விலை பேசவில்லை, இடம் பேசினார். கொம்பிரசரை ஒளிக்கலாம். கண்டென்சர் ரேடியேற்றருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்; அதன் சூடு முழுக்க ரேடியேற்றரில் அடிக்கும், விசிறி இருக்கும் இடமும் போய்விடும். "புது வருசம் முடியட்டும் ஐயா, அளவெடுத்துப் பாப்பம்" என்றார். ஐயா முற்பணம் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.