வேண்டும் என்னும் ஒரு சொல்

கிரிக்கெட் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு அமெரிக்கக் கால்பந்தின் ‘டிராஃப்ட்’ முதலில் பிடிபடுவதில்லை. ஏலத்தில் எந்த வீரர் யாருக்கு என்பதைப் பணம் முடிவு செய்கிறது. டிராஃப்டில் அதை வரிசை முடிவு செய்கிறது. கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் இளைஞர்களை 32 அணிகள் ஏழு சுற்றுகளில் முறைவைத்து அழைத்துக்கொள்கின்றன. சென்ற பருவத்தில் கடைசி இடத்தில் நின்ற அணிக்கு முதல் உரிமை. வாகை சூடிய அணி முப்பத்திரண்டாவதாக நிற்கும். அந்த உரிமைகளை அணிகள் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். அழைக்கப்படும் இளைஞருக்கு மட்டும் அணியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கிடையாது. 2011ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய ஊதியமும் ஏறத்தாழ அவரது வரிசை எண்ணைப் பொறுத்தே அமைகிறது. நம் இந்தியன் சூப்பர் லீக்கும் 2017 ஜூலையில் மும்பையில் இப்படியொரு டிராஃப்டை நடத்தியதுண்டு; ஜம்ஷெட்பூர் அணி முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை அழைத்தது. பின்னர் அந்த வழக்கம் இங்கே நின்றுபோயிற்று. அங்கே அது 1936 முதல் நடக்கிறது. அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறைக் கால்பந்தை ஒரு நாளும் ஆடவில்லை என்பது இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்ட குறும்பு.

டிராஃப்டுக்கு முந்தைய மாதங்களில் ஒவ்வோர் அணியின் ரசிகரும் தம் அணி யாரை அழைக்கும் என்று பட்டியல் எழுதுகிறார். இதற்கென்றே தொழில்முறைக் கணிப்பாளர்களும் உண்டு. மெல் கைப்பர் 1984 முதல் தொலைக்காட்சியில் இதைச் செய்துவருகிறார். ஆயினும் என்னை ஈர்ப்பவை ரசிகர்களின் பட்டியல்களே. தீர்மானங்களைப் பற்றியும் முன்கணிப்புகளைப் பற்றியும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், இவ்வளவு தூய்மையான தரவு வேறெங்கும் கிடைக்காது என்றே சொல்வேன். கேள்வி தெளிவானது, விடை வரும் நாளும் தெரியும், விடை வந்தபின் தகராறுக்கு இடமில்லை. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் அறிவுள்ளவர்கள் ஒரே திசையில் தவறுகிறார்கள்.

கிரீன் பே பேக்கர்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். விஸ்கான்சின் மாநிலத்தின் சிறு நகரம் ஒன்றின் அணி அது. அதற்குத் தனி முதலாளி இல்லை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் ஈவுத்தொகை கிடையாது. ஆகவே அங்கே ரசிகர் என்பவர் பாதி உரிமையாளரும்கூட. அந்த ரசிகர்களின் நெடுநாள் ஏக்கம், முதல் சுற்றில் ஒரு வைட் ரிசீவர். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிச்சென்று கைப்பற்றும் வீரருக்கு அந்தப் பெயர். 2002இல் ஜேவன் வாக்கரை அழைத்தார்கள். அதன் பின் 2003 தொடங்கி 2024 முடிய, அணி முதல் சுற்றில் 23 பேரை அழைத்தது. அவர்களுள் 18 பேர் தற்காப்பு வீரர்கள், மூவர் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையினர், இருவர் குவார்ட்டர்பேக்குகள். ரிசீவர் ஒருவரும் இல்லை. ரசிகர்களின் பட்டியல்களிலோ ஆண்டு தவறாமல் ஒரு ரிசீவரின் பெயர் இருக்கும்.

பட்டியல் எழுதியவர்கள் விவரமறியாதவர்கள் அல்லர். கல்லூரி ஆட்டங்களை விடாமல் பார்ப்பவர்கள். ஒவ்வோர் இளைஞரும் நாற்பது கெஜத்தை எத்தனை நொடியில் ஓடினார் என்று நூறில் ஒரு பங்கு வரை சொல்லக்கூடியவர்கள். அவ்வளவு அறிந்தும் அவர்கள் தவறியதற்கு, என் கணிப்பில், ஒரு சொல் காரணம். ‘கிரீன் பே இம்முறை ரிசீவரை எடுக்க வேண்டும்’ என்று தமிழில் எழுதிப்பாருங்கள். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதில் அது விருப்பம். ‘கடனைத் திருப்பித் தர வேண்டும்’ என்பதில் அது கடமை. ‘வண்டி இந்நேரம் விழுப்புரம் தாண்டியிருக்க வேண்டும்’ என்பதில் அது ஊகம். மூன்று வெவ்வேறு மனச்செயல்களை நம் மொழி ஒரே சொல்லில் ஏற்றிவைத்திருக்கிறது. இதை மொழியின் குறை என்று நான் எண்ணவில்லை. இம்மூன்றும் மனத்துக்குள் ஒட்டியே கிடக்கின்றன என்பதை மொழி ஒளிக்காமல் காட்டுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் துறையில் எனக்கு மூத்தவர் ஒருவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர், இம்மூன்றையும் பிரித்துவைக்கப் பழகியவர். முனைவர் பட்டத்துக்குப் பின் மேடிசனில் இரண்டாண்டு ஆய்வு செய்து, 2019இன் பிற்பகுதியில் ஹைதராபாத் திரும்பினார். திரும்பும்போது ஒரு கனத்த கம்பளிக் குல்லாயையும் தீராத கிரீன் பே பற்றையும் கொண்டுவந்தார். (குல்லாய்க்கு இந்த ஊரில் வேலையே வரவில்லை.) 2019 டிராஃப்ட் முதல் அவர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று பத்திகள். முதற்பத்தியின் தலைப்பு ‘வேண்டும்’, அடுத்தது ‘தகும்’, மூன்றாவது ‘நடக்கும்’. முதலாவதில் தாம் ஆசைப்படுவது. இரண்டாவதில், பொறுப்பு தம்மிடம் இருந்தால் அணியின் நலன் கருதித் தாம் செய்யக்கூடியது. மூன்றாவதில் பெயர்களே இருப்பதில்லை; நூற்றுக்கு இத்தனை என்ற எண்கள்தாம். முதற்பத்தியில் ஆண்டுதோறும் ‘ரிசீவர்’ என்றே எழுதியிருக்கிறார். மூன்றாம் பத்தியில் ஆண்டுதோறும் தற்காப்பு வீரருக்கே அதிக எண்.

2020ஆம் ஆண்டின் பக்கத்தை நான் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். ரசிகர்களின் தர்க்கம் அவ்வாண்டு போல் வேறெப்போதும் வலுவாக இருந்ததில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் அணி 13 ஆட்டங்களை வென்று, இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்பு தோற்றிருந்தது. ஆரன் ராஜர்ஸுக்கு வயது 36. பந்து எறிய அவர் இருக்கிறார், வாங்கத்தான் ஆள் போதவில்லை. ரிசீவர்கள் நிறைந்த ஆண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். அதுவும் மெய்யாயிற்று: முதல் 25 அழைப்புகளுக்குள் ஆறு ரிசீவர்கள் போய்விட்டார்கள். கிரீன் பே முப்பதாம் இடத்திலிருந்து விலை கொடுத்து 26ஆம் இடத்துக்கு முன்னேறி, ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை அழைத்தது. அந்த டிராஃப்டின் ஏழு சுற்றுகளிலும் ஒரு ரிசீவரைக்கூட அழைக்கவில்லை.

அண்ணனின் குறிப்பேட்டில் தற்காப்பு வீரருக்கு 45, ரிசீவருக்கு 30, குவார்ட்டர்பேக்குக்கு 8 என்றிருந்தது. எட்டு என்பது சிறிய எண்தான். ஆனால் நான் அப்போது படித்த எந்த ரசிகரின் பட்டியலிலும் அந்த வரியே இல்லை. அதை அவர் எங்கிருந்து பெற்றார் என்று கேட்டேன். “2005ஐப் பாருங்க தம்பி” என்றார். அவ்வாண்டு பிரெட் ஃபார்வ் என்ற பெரும்புகழ் குவார்ட்டர்பேக் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அதே அணி 24ஆம் இடத்தில் ஆரன் ராஜர்ஸை அழைத்தது. முதலாவதாகவே அழைக்கப்படலாம் என்று பேசப்பட்ட அந்த இளைஞர், தொலைக்காட்சிக் கருவிகள் முகத்தையே பார்த்திருக்க, அரங்கில் மணிக்கணக்கில் காத்திருந்தார். தேவை வருவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைத் தேடிக்கொள்வது அந்த அலுவலகத்தின் குணம் என்று அண்ணன் குறித்துவைத்திருந்தார். வீரர்களைப் பற்றி ஆயிரம் செய்தி திரட்டியவர்கள் தெரிவு செய்பவர்களைப் பற்றி ஒன்றும் திரட்டவில்லை. டிராஃப்டைக் கணிப்பது என்பது யார் சிறந்த வீரர் என்று சொல்வதன்று. இன்னொருவர் யாரைச் சிறந்தவராகக் கருதுவார் என்று சொல்வது.

சிறந்தவர் யார் என்ற கேள்விக்கு அந்த இன்னொருவரிடமும் விடை இருக்கிறதா? கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத்தான் கேட்டது. ஒரே ஆடுநிலையில் அடுத்தடுத்து அழைக்கப்பட்ட இருவரை எடுத்துக்கொண்டு, முன்னவர் பின்னவரைவிடச் சிறப்பாக ஆடினாரா என்று பார்த்தார்கள். நூற்றுக்கு 52 என்று வந்தது. நாணயம் சுண்டினால் 50. கோடிக்கணக்கில் செலவிட்டு, நாடெங்கும் ஆளனுப்பி, மருத்துவச் சோதனையும் நேர்காணலும் நடத்திப் பெற்ற கூடுதல் அறிவு இரண்டு. இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் அதே 2020ஐச் சொல்லலாம். பிலடெல்பியா 21ஆம் இடத்தில் ஜேலன் ரேகர் என்ற ரிசீவரை அழைத்தது. அடுத்த இடத்தில் மினசோட்டா அழைத்த ரிசீவர் ஜஸ்டின் ஜெபர்சன். பின்னவர் இன்று அந்த ஆட்டத்தின் தலைசிறந்த ரிசீவர்களுள் ஒருவர். முன்னவர் அணி அணியாக மாறிப்போனார். அதே கட்டுரையின் இன்னொரு முடிவு, அணிகள் உச்சியில் உள்ள உரிமைகளுக்கு மிகையான விலை கொடுக்கின்றன என்பது. அந்தக் காலத்து ஊதியக் கணக்கின்படி, கொடுத்த காசுக்கு மிகுந்த பலன் தந்தவை இரண்டாம் சுற்றின் தொடக்கத்தை ஒட்டிய இடங்கள். கிரீன் பே தன் நல்ல ரிசீவர்களைக் கண்டெடுத்ததும் இரண்டாம் சுற்றில்தான்: 2006இல் கிரெக் ஜென்னிங்ஸ், 2008இல் ஜோர்டி நெல்சன், 2011இல் ரேண்டல் காப், 2014இல் டவான்டே ஆடம்ஸ். ரசிகர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த 52 என்ற எண் எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாக இல்லை. சென்ற ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர் தெரிவில் என் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக வந்தது. தெரிவானவருக்கும் எனக்கும் இடைவெளி அரை மதிப்பெண். இடம் ஒன்றுதான், ஒருவரைத்தான் அழைக்க முடியும், எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. அவர் நன்கு படித்தவர், எனக்குத் தெரியும். ஆனால் மறுவாரமே அந்த அரை மதிப்பெண்ணுக்கு விளக்கங்கள் பிறந்தன. அவருடைய ஆய்வில் ‘ஆழம்’ இருந்ததாம். என்னுடையதில் ‘அகலம்’ மட்டுமே இருந்ததாம். நாணயம் விழுந்த பிறகு அதன் பக்கத்துக்கு வரலாறு எழுதுவதில் விளையாட்டு விமரிசகர்களைவிட நாம் தேர்ந்தவர்கள். நம் கருத்தரங்குகளில் ‘இக்கொள்கை இன்ன விளைவைத் தரும்’ என்று முடியும் கட்டுரைகளைக் கேட்கும்போதெல்லாம் இது எந்தப் பத்தியில் எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. பெரும்பாலும் ‘வேண்டும்’ பத்தியில் எழுதி, ‘நடக்கும்’ பத்தியில் வாசிக்கப்படுகிறது.

2025 டிராஃப்ட் கிரீன் பே நகரிலேயே நடந்தது. நம் நேரப்படி வெள்ளிக்கிழமை விடியல் ஐந்தரைக்குத் தொடக்கம். 23ஆம் இடத்தில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்பு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கோல்டன் என்ற ரிசீவரின் பெயர் ஒலித்தது. இருபத்துமூன்று ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அண்ணன் போட்ட கூச்சலில் பக்கத்துக் குடியிருப்பின் குழந்தை விழித்துக்கொண்டதாம். ரசிகர்கள் ‘நாங்கள்தான் சொன்னோமே’ என்றார்கள். ஆம், சொன்னார்கள், ஒவ்வோர் ஆண்டும் சொன்னார்கள். அதே டிராஃப்டில், முதல் சுற்றிலேயே போவார் எனப் பலர் உறுதிகூறிய ஷெடூர் சாண்டர்ஸ் 144ஆம் இடம்வரை காத்திருந்தார் என்பதை அதே மூச்சில் மறந்தார்கள்.

அண்ணனின் மூன்றாம் பத்தியில் அவ்வாண்டு ரிசீவருக்கு 35 இருந்தது. வானிலைக் கணிப்புகளை மதிப்பிட 1950இல் கிளென் பிரையர் வகுத்த அளவையை அவர் பயன்படுத்துகிறார். சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியின் வர்க்கம் அது; குறைவாக இருந்தால் நல்லது. ஆண்டுதோறும் ‘ரிசீவர், நூற்றுக்கு நூறு’ என்றவர் 2025இல் அப்பழுக்கற்ற மதிப்பெண் பெறுகிறார், அண்ணனுக்கோ சுமாரானது. 2019 முதல் ஏழு டிராஃப்ட்களையும் கூட்டினால் நிலைமை தலைகீழ். அந்த நூற்றுக்கு நூறு ஆறு முறை முற்றிலும் பொய்த்தது.

அதன்பின் அண்ணன், முதற்பத்தியை நிறுத்திவிடலாம் என்றிருப்பதாகச் சொன்னார். அதற்கு மதிப்பெண் இல்லை, கணக்கில் சேராது, எழுதி என்ன பயன் என்பது அவர் வாதம். நான் உடன்படவில்லை. மூன்றாம் பத்தி நேர்மையாக இருப்பதே முதற்பத்தி இருப்பதனால்தான். ஆசைக்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்காவிட்டால் அது ஓசையில்லாமல் எண்களுக்குள் குடிபுகும். 35 என்பது 50 ஆகும், அதற்குத் தக்க காரணங்களும் தாமாகவே கிடைக்கும். ஆய்வேட்டின் முன்னுரையில் ‘இது மெய்யாக இருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன்’ என ஒரு வரி எழுத நம் மரபு இடம் தந்தால், பின்வரும் இயல்கள் இன்னும் நம்பத்தக்கனவாக இருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. நெறியாளரிடம் இதைச் சொல்லிப்பார்க்கும் துணிவு இன்னும் வரவில்லை.

அவர் பத்தியை நிறுத்தவில்லை. 2026 டிராஃப்ட் ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில். கிரீன் பேயோ, சென்ற ஆகஸ்டில் மைக்கா பார்சன்ஸ் என்ற தற்காப்பு வீரருக்காகக் கென்னி கிளார்க்கையும் 2026, 2027 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் டாலஸுக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே குறிப்பேட்டின் புதிய பக்கத்தில் முதல் சுற்றுக்கு நேராக, ‘தகும்’ பத்தியிலும் ‘நடக்கும்’ பத்தியிலும் சாய்கோடு போட்டிருக்கிறார். முதற்பத்தியில் மட்டும், வழக்கமான கையெழுத்தில், ‘ரிசீவர்’ என்று இருக்கிறது.