ரப்பர் காட்டில் சிலோன்காரர்கள்

கீரிப்பாறையில் வீடு, பிறந்தது சிலோன் என்று சொன்னால் நாகர்கோவிலில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "83 கலவரத்துல வந்தியளோ?" இல்லை, நாங்கள் 1974-இல் வந்தவர்கள். யாரும் விரட்டிக்கொண்டு வரவில்லை. முறையாகப் பாஸ்போர்ட் கொடுத்து, ரயிலேற்றி, கப்பலேற்றி அனுப்பிவைத்தார்கள். இதை விளங்கவைப்பதற்குள் பஸ் தடிக்காரன்கோணத்தைத் தாண்டிவிடும்.

தாத்தா ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டதைப் பெருமையாகச் சொல்வார். மலைநாட்டில் அந்தக் கட்சிக்கு 7 இடம் கிடைத்தது. கொழும்பில் அது பலருடைய கண்ணை உறுத்தியது. 1948 பிப்ரவரி 4-ஆம் தேதி சுதந்திரம். அந்த வருஷமே எங்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, மறுவருஷம் ஓட்டும் போயிற்று. தோட்டத்தில் துரை மட்டும் வெள்ளைக்காரராகவே இருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணியின் ஏச்சும் பழையபடிதான்.

இலங்கை ரத்தம் சிந்தாமல் விடுதலை பெற்றது என்பார்கள். அதற்கான விலையை மலைநாட்டில் வசூலித்தார்கள் என்பது என் எண்ணம். 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். எங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பெட்டிக்கடைப் பற்று மாதிரி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார்கள். தோட்டத்து ஆட்களைக் கேட்கவேண்டும் என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அத்தான் வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டிருந்தார்கள். ஆகவே கட்டிக்கொடுத்த அக்கா அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கடைசி இரண்டு வருஷமும் பஞ்சம். ரேஷன் மாவைக் குறைத்துவிட்டார்கள். மரவள்ளிக் கிழங்கை அவித்து மூன்று வேளையும் தின்றோம். ஹட்டன் கடைவீதியில் தோட்டத்துச் சனம் கையேந்தி நின்றதைப் பார்த்த பிறகு, போவதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் எழவே இல்லை.

தலைமன்னார் போகும் ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். ஸ்டேஷன் முழுக்க மாரடிக்கிற சத்தம். அப்பாயி யார் தோளிலோ சாய்ந்து இழுத்து இழுத்து ஒப்பாரி வைத்தாள். அக்கா அழவில்லை. "பெட்டிய எண்ணுனியாடா? சரியா எண்ணுனியா?" என்று சன்னலோரம் நின்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். கோச்சி நகர்ந்த பிறகும் விரலால் எண்ணிக் காட்டினாள்.

ஒப்பந்தம் போட்ட இரண்டே மாதத்தில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதால், 'ராமானுஜம்' கப்பல் எங்களை இராமேஸ்வரத்தில் இறக்கியது. சோதனையில் ஒருவர் அம்மாவின் தலையணையைப் பிளேடால் கீறினார். உள்ளே இலவம்பஞ்சு தவிர ஒன்றுமில்லை. பறந்த பஞ்சையெல்லாம் அம்மா குனிந்து குனிந்து பொறுக்கித் திரும்பத் திணித்தாள். பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்து கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கவென்று வனத்துறை 1960-களில் நட்ட மரங்கள் அவை. 1984-இல்தான் அரசு ரப்பர் கழகம் வந்தது.

இந்த ரப்பர் மரத்துக்கும் சிலோன் வாசம் உண்டு. 1876-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகளைக் கொழும்புக்கு அருகே ஹெனரத்கொடையில் நட்டு வளர்த்தார்கள். கொழுந்து கிள்ளிய விரலுக்கு ரப்பர் கத்தி வசப்பட நாளாயிற்று. விடியுமுன் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு போகவேண்டும். பட்டையைச் சாய்வாக, மெல்லியதாகச் சீவவேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. அம்மாவின் முதல் வாரத்து மரங்கள் கொத்திக் குதறியது போலக் கிடந்தன. சூப்பர்வைசர் வருமுன் அப்பா அந்த வெட்டுகளில் சேற்றைப் பூசி மறைத்தார். சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பால் நாற்றம் சோற்றிலும் வீசியது. அட்டைக்கடி மட்டும் ஊரில் இருந்த மாதிரியே.

கீரிப்பாறை டீக்கடைக்காரர் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டார், "மக்களே, நீ சிலோன்காரனுக்க மவனாடே? அங்க மரமெல்லாம் உங்களுக்க சொந்தமா?" எங்களுக்கு அங்கே ஒரு தேயிலைத் தூர்கூடச் சொந்தமில்லை என்றதை அவர் நம்பவில்லை.

1977 ஜூனில் அப்பா இங்கே சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். ஜூலையில் அத்தான் அங்கே ஓட்டுப் போட்டார். ஆகஸ்டில் அங்கே கலவரம். லயத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள், உடுத்த துணியோடு வவுனியாப் பக்கம் வந்து காடு வெட்டுகிறோம் என்று அக்காவின் கடிதம் வந்தது. கடைசியில் அத்தான் கேட்டதாக ஒரு வரி இருந்தது: ரப்பர் எத்தனை வருஷத்தில் பால் தரும்? அப்பா என்னை உட்காரவைத்துப் பதில் எழுதச் சொன்னார். ஏழு வருஷம் ஆகும், ஆனால் வவுனியா வெயிலுக்கு ரப்பர் தாங்காது, இந்த மழைக்கே கச்சான் கடலை போடச் சொல்லு.