கள்ளிச் செடிய எதுக்கு டாக்டர் படம் எடுக்குறீங்க?

1/
இந்தக் கேள்வி வாரம் ஒரு தடவையாவது வந்துடுது மக்களே. நான் போடுற சக்குலன்ட் படங்களுக்குக் கீழ சிலர் "அழகு"ன்னு சொல்றீங்க. சிலர் "எந்த கேமரா?"ன்னு கேக்குறீங்க. மீதிப் பேர் "ஓபி கூட்டத்துக்கு நடுவுல இதுக்கெல்லாம் எப்படி நேரம்?"னு கேக்குறீங்க. எல்லாத்துக்கும் சேர்த்து பதில் சொல்லிடுறேன். நீளமான த்ரெட், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க. கடைசிப் பகுதி சர்க்கரை நோய் உள்ளவங்க இருக்கிற வீட்டுக்கு. உண்மையில அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

2/
திருச்சியில எங்க வீட்டு மொட்டை மாடியில 30 தொட்டி சொச்சம் இருக்கு. சக்குலன்ட்னா இலையிலயோ தண்டுலயோ தண்ணியச் சேர்த்து வச்சுக்கிற சதைப்பற்றான செடி. பேருதான் புதுசு, செடி நமக்குப் பழக்கமானதுதான். சோற்றுக்கற்றாழை, பிரண்டை, சப்பாத்திக்கள்ளி, ரணகள்ளி எல்லாமே இந்தக் கூட்டம்தான். அதோட நர்சரியில வாங்கின அடீனியம், ஹவோர்த்தியா, ஊட்டிக்குப் போனப்ப ஆசைப்பட்டு வாங்கின எச்செவேரியா.

3/
படம் எடுக்குற பழக்கம் ஆஸ்பத்திரியில இருந்து வந்தது. ஆறாத புண்ணோட வர்ற நோயாளிக்கு, அவங்க சம்மதத்தோட, டிரெஸ்ஸிங் மாத்தும்போது புண்ணைப் படம் எடுத்து வைப்போம். அதே தூரம், அதே வெளிச்சம், பக்கத்துல ஒரு ஸ்கேல், தேதி. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. உங்க குழந்தை வளர்ந்துடுச்சுன்னு வீட்டுல இருக்கிறவங்களா சொல்றாங்க? தீபாவளிக்கு ஊர்ல இருந்து வர்ற சித்திதானே சொல்றாங்க! வாரம் ஒரு படம்ங்கிறது அந்தச் சித்தி மாதிரி.

4/
அதனால செடிக்கும் அதே முறை. ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. தரையில பெயின்ட்ல ஒரு சின்ன குறி. அந்தக் குறி மேல ரெண்டு செங்கல், செங்கல் மேல போன். செடி பக்கத்துல ஒரு பத்து ரூபாய் காசு. அதோட விட்டம் 27 மில்லிமீட்டர், மாறாது. இலை எவ்வளவு வளர்ந்துச்சுன்னு காசை வச்சே கணக்குப் போட்டுடலாம். ஒரு தொட்டிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. நேரம் எப்படின்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில்.

5/
எந்த கேமரா? சாதாரண போன்தான். மொதல்ல லென்ஸைத் துடைங்க. சட்டைப் பையில கெடந்த போன் லென்ஸ்ல விரல் எண்ணெய் படிஞ்சிருக்கும், படம் புகை மூட்டமா வரும். பழைய பருத்தித் துணி போதும். பாதிப் பேரோட "போன் சரியில்ல டாக்டர்" புகார் இதுலயே தீர்ந்துடும்.

6/
அடுத்து வெளிச்சம். மத்தியான வெயில்ல எடுக்காதீங்க. நிழல் கருப்பாவும் இலை வெள்ளையாவும் வெளுத்துப் போகும். காலை வெயில், இல்லேன்னா சாயங்காலம் 5 மணிக்கு மேல. நேரம் கிடைக்கலேன்னா பழைய வேட்டிய ஒத்தை மடிப்பா ரெண்டு கம்பத்துக்கு நடுவுல கட்டி, அதுக்குக் கீழ தொட்டிய வைங்க. வெயில் வடிகட்டின மாதிரி மென்மையா இறங்கும். நிழல் விழுற பக்கத்துல ஒரு தெர்மாக்கோல் துண்டை நிறுத்தினா அந்தப் பக்கமும் தெளிவா தெரியும். பின்னால ஒரு கருப்பு சார்ட் பேப்பர். மொத்தச் செலவு கொஞ்ச ரூபாய்தான்.

7/
போன் திரையில செடிய அழுத்திப் பிடிங்க, ஃபோகஸ் பூட்டிக்கும். அப்புறம் வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. வெளிர் நிற இலையில இந்த ஒரு வேலை பெரிய வித்தியாசம் காட்டும். பல போன்கள்ல மேக்ரோ மோடுங்கிறது அகலக் கோண லென்ஸ்தான். அதுக்கு ரொம்பப் பக்கத்துல போகணும், போனோட நிழலே செடி மேல விழுந்துடும். அதுக்குப் பதிலா ரெண்டடி தள்ளி நின்னு 2x அல்லது 3x-ல எடுங்க. இலையோட வடிவமும் கோணாம வரும்.

8/
எச்செவேரியாவை நேர் மேல இருந்து எடுங்க. இலைகள் சுருள் சுருளா அடுக்கியிருக்கும். வீட்டுல பிள்ளைங்க இருந்தா படத்தைக் குடுத்து ஒரு திசையில எத்தனை சுருள், எதிர்த் திசையில எத்தனைன்னு எண்ணச் சொல்லுங்க. பெரும்பாலும் 5, 8, 13 மாதிரி எண்கள்தான் வரும். ஃபிபொனாச்சி வரிசைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சது மாடியிலயே இருக்கு.

9/
ரெண்டு விஷயம் செய்யாதீங்க. ஒண்ணு, எச்செவேரியா இலை மேல இருக்கிற வெள்ளைப் பொடியைத் தூசின்னு நினைச்சுத் துடைக்காதீங்க. அது செடி தனக்காகச் சுரந்த மெழுகு. கடும் வெயில்ல இருந்தும் தண்ணி இழப்புல இருந்தும் காப்பாத்துறது அதுதான். விரல் பட்ட தடம் அந்த இலை விழுற வரைக்கும் படத்துல தெரியும். ரெண்டு, படம் அழகா வரணும்னு ஸ்பிரே பாட்டில்ல தண்ணி அடிக்காதீங்க. நடுக் குருத்துல தண்ணி தேங்கினா அழுகிடும். அடிச்சே தீருவேன்னா, எடுத்து முடிச்சதும் டிஷ்யூ முனையால ஒத்தி எடுத்துடுங்க.

10/
இப்ப முக்கியமான வேலை: நாலு வாரப் படத்தை வரிசையா பாருங்க. இலைக்கும் இலைக்கும் நடுவுல இடைவெளி கூடிக்கிட்டே போகுதா, செடி ஒரு பக்கமா சாயுதா? வெளிச்சம் பத்தல. கீழ் இலை மெலிஞ்சு சுருங்குதா? பெரும்பாலும் தண்ணி கேக்குது. கீழ் இலை மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுதா, தொட்டதும் உதிருதா? தண்ணி ஜாஸ்தி. ஐப்பசி, கார்த்திகை மழையில மாடிச் செடிகள் சாகுறது பெரும்பாலும் இந்தக் கடைசிக் காரணத்தாலதான். நேர்ல பார்க்கிறப்ப "நல்லாத்தானே இருக்கு"ன்னு தோணுறது, படத்துல நோய் வரலாறு மாதிரி தேதியோட நிக்கும்.

11/
படத்தைப் பெருசு பண்ணி இலை தண்டோட சேர்ற இடுக்குகளைப் பாருங்க. பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தா அது மெழுகு இல்ல, மாவுப்பூச்சி. மெழுகு இலை முழுக்க ஒரே சீரா பரவியிருக்கும், பூச்சி இடுக்குல கும்பலா ஒளிஞ்சிருக்கும். ஊசி போடுறதுக்கு முன்னாடி நாங்க தடவுற ஸ்பிரிட் இருக்குல்ல, அதை காட்டன் பட்ஸ்ல தொட்டு பூச்சி மேல வச்சு எடுங்க. வாரம் ஒரு தடவை திரும்பப் பாருங்க.

12/
படத்துல தெரியாத ஒரு வேலையும் நடக்குது. மத்த செடிகள் இலைத் துளைகளைப் பகல்ல திறக்கும். சக்குலன்ட்ல பெரும்பாலானவை ராத்திரி திறக்கும், பகல்ல மூடிக்கும். ராத்திரி உள்ள இழுத்த கரியமில வாயுவை அமிலமா மாத்திச் சேமிச்சு, பகல் வெளிச்சத்துல எடுத்துச் செலவு பண்ணும். தண்ணி வீணாகாம இருக்க இப்படி ஒரு ஏற்பாடு.

13/
இதைப் பதிவு பண்ணின ஆரம்பகால ஆள்கள்ல ஒருத்தர் நம்ம பக்கம் வேலை பார்த்தவர்: பெஞ்சமின் ஹைன். தரங்கம்பாடிக்கு மிஷனரியா வந்து, பிறகு கிழக்கிந்திய கம்பெனிக்காக மெட்ராஸ் பக்கம் தாவர ஆய்வு செய்தவர். "கட்டிப்போட்டால் குட்டிபோடும்"னு நாம சொல்ற ரணகள்ளி இலையை மென்னு பார்த்திருக்கார். காலையில புளிப்பு, மத்தியானம் சுவையே இல்ல. அந்தக் குறிப்பு லண்டன் லின்னேயன் சொசைட்டி இதழ்ல 1815-ல் வெளிவந்தது. நீங்க மென்னு பார்க்காதீங்க. ரணகள்ளி இனத்துல இதயத்தைப் பாதிக்கிற வேதிப்பொருள்கள் உண்டு.

14/
இது தெரிஞ்சா இன்னொண்ணும் புரியும். எச்செவேரியா மெக்சிகோ மலைப் பகுதிச் செடி, குளிர்ந்த ராத்திரிக்குப் பழகினது. திருச்சி மே மாசத்து ராத்திரி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ராத்திரியும் அனலடிச்சா துளைகள் சரியா திறக்காது, செடி அரைப்பட்டினி. ஊட்டியில பார்த்த சிவப்பு விளிம்பு இங்க வந்து வெளுத்துப் போறதுக்கும் இந்தச் சூடு ஒரு காரணம். உரத்தைக் கொட்டாதீங்க. மத்தியான நிழல், காத்தோட்டம், சாயங்காலம் அளவா தண்ணி. சமவெளிக்கு அடீனியமும் ஹவோர்த்தியாவும் இதைவிட நல்லா ஒத்துப்போகும்.

15/
இனி டாக்டரா பேசுறேன். பூவை மறைக்குதேன்னு ஒரு கிளையை ஒடிப்பீங்க. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, யூஃபோர்பியா எதுவா இருந்தாலும் பால் வடியும். அடீனியத்தோட சாறும் விஷம்தான். அந்தக் கையோட கண்ணைக் கசக்கினா கருவிழி வரைக்கும் பாதிக்கலாம். பட்டுட்டா கசக்காதீங்க. சுத்தமான தண்ணியில 15 முதல் 20 நிமிஷம் விடாம கழுவுங்க. லென்ஸ் போட்டிருந்தா கழட்டிடுங்க. விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடாதீங்க. வலி குறைஞ்சாலும் அன்னைக்கே கண் டாக்டரைப் பார்த்துடுங்க.

16/
பால் கண்ணுக்கு ஆபத்துன்னா முள் காலுக்கு. எங்க அப்பா ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவர், சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆகுது. மாடிக்குத் தண்ணி ஊத்துறது அவர் டிபார்ட்மென்ட். ஞாயிறு 7 மணிக்கு நான் தரையோட தரையா போனை வச்சு அடீனியத்தை எடுக்கும்போது, அவர் பின்னால வாளியோட நடப்பார். பல படத்துல அவர் கால் ஓரமா வந்திருக்கும். வெறுங்கால். செருப்பு போடுங்கன்னா "செடிகிட்ட செருப்போட போறதா?"ம்பார்.

17/
போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி அன்னைக்கு எடுத்த படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அடீனியத்துக்குப் பின்னால அவரோட குதிகால் பக்கவாட்டுல ஒரு கருப்புப் புள்ளி, சுத்தி சிவப்பு. மண்ணா இருக்கும்னு தோணுச்சு. முந்தின ஞாயிறு படத்தை எடுத்தேன். அதே இடம், அதே வெளிச்சம், அதே கால். புள்ளி இல்ல. அப்ப இது ஏழு நாளுக்குள்ள வந்தது.

18/
அவர் டிவி பார்த்துக்கிட்டு இருந்தார். காலைத் தூக்கிப் பார்த்தேன்.
"வலிக்கலையாப்பா?"
"எங்கப்பா? ஒண்ணும் இல்லையே."
அழுத்தினேன், சீழ் எட்டிப் பார்த்துச்சு. அவர் முகத்துல ஒரு சுளிப்புகூட இல்ல, கண்ணு டிவியிலயே இருக்கு. வாரத்து நடுவுல சிவப்புப் பூ யூஃபோர்பியாவை வெட்டி விட்டிருக்கார், விழுந்த முள்ளை மிதிச்சிருக்கார். அந்த முள்ளோடயே கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் நடந்திருக்கார்.

19/
எனக்கு பயந்தது முள்ளுக்காக இல்ல, அந்தச் சுளிக்காத முகத்துக்காக. மறுநாள் காலையில சர்ஜன் நண்பர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். முள்ளை எடுத்து, சீழைச் சுத்தம் பண்ணி, எலும்பு வரைக்கும் போகலைன்னு எக்ஸ்ரேல உறுதி பண்ணினார். டிடி ஊசி, ஆன்டிபயாட்டிக், சர்க்கரை மருந்துல மாற்றம், அந்தக் கால்ல பாரம் விழாம ஓய்வு. ஆற அஞ்சு வாரம் ஆச்சு. அந்த அஞ்சு வாரமும் செடிக்கு எடுத்த மாதிரியே புண்ணையும் படம் எடுத்தேன். ஸ்கேலோட, தேதியோட. வாராவாரம் சுருங்குறதைப் பார்த்த பிறகுதான் அம்மா தூங்க ஆரம்பிச்சாங்க.

20/
ஏன் வலிக்கல? சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாடு இல்லாம இருந்தா கால் நரம்புகள் நுனியில இருந்து மரத்துக்கிட்டே வரும். வலிங்கிறது நம்ம காவல்காரன். அவன் தூங்கிட்டா முள், கொப்புளம், செருப்பு கடிச்ச புண் எதுவும் தெரியாது. தெரியாத புண் ஆழமாப் போகும், சில சமயம் விரலையோ காலையோ எடுக்கிற நிலைமைக்கு வரும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கலாம்.

21/
அதனால இதைச் செய்யுங்க:
தினமும் ராத்திரி பாதம், குதிகால், விரலிடுக்கு பாருங்க. குனிய முடியாதவங்களுக்குத் தரையில கண்ணாடி வைங்க, இல்லேன்னா போன்ல படம் எடுத்துக் காட்டுங்க.
மாடிக்கும் தோட்டத்துக்கும் முன்பக்கம் மூடின செருப்பு. அதை மாடிப்படியிலயே வச்சுடுங்க.
முள் செடி வெட்டினா தரையை உடனே கூட்டுங்க.
வருஷத்துக்கு ஒரு தடவையாவது கால் உணர்ச்சிப் பரிசோதனை. நைலான் இழையால தொட்டுப் பார்ப்பாங்க, வலிக்காது.
புண் வந்தா வீட்டு வைத்தியம் வேண்டாம். வலிக்கலைங்கிறதையும் நல்ல செய்தியா எடுத்துக்காதீங்க.

22/
அப்பா இப்ப செருப்போடதான் தண்ணி ஊத்துறார். "செடி கோச்சுக்கும்"னு இன்னும் முனகல் உண்டு.
நீங்க இந்த ஞாயிறு ஒரே ஒரு தொட்டியில ஆரம்பிங்க. தரையில ஒரு குறி, பக்கத்துல பத்து ரூபாய் காசு, காலை வெளிச்சம். நாலு வாரம் கழிச்சு நாலு படத்தையும் சேர்த்து இதுக்குக் கீழ போடுங்க. செடிக்கு என்ன குறைன்னு எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். கால்ல ஏதாவது தெரிஞ்சா மட்டும் இங்க போட்டுக் காத்திருக்காம, பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்ட அன்னைக்கே போங்க.