கொடுக்காமல் விட்ட படம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துவிட்டு வெளியே வந்தபோது, இளைஞர் ஒருவர் ஆலய முற்றத்தில் காத்து நின்றார். பொறியியல் முடித்து வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. கையில் நான்காக மடித்த ஒரு தாள். அதில் எழுதி வைத்திருந்த கேள்விகள் அனைத்தும் கேமராவைப் பற்றியவை. எனக்குப் படம் பிடிக்கும் பழக்கம் உண்டென்பது பங்கு மக்கள் எல்லாரும் அறிந்ததே. குருக்கள் நடுவே அதை நிறையாகப் பேசுவோரும் உண்டு, குறையாகப் பேசுவோரும் உண்டு.

எத்தனை மெகாபிக்சல் உள்ள கேமராவை வாங்குவது என்பதே அவருடைய முதல் கேள்வி. விளம்பரங்கள் நம்மிடம் வளர்த்துவிட்ட கேள்வி அது. ஒரே அளவு நிலத்தில் நூறு பனையும் நடலாம், ஆயிரம் பனையும் நடலாம். ஆயிரம் நட்டால் ஒவ்வொன்றின் வேருக்கும் கிடைக்கும் நீர் குறையும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் தகடும் அத்தகைய நிலமே. புள்ளிகளின் எண்ணிக்கையைவிட அத்தகட்டின் பரப்பே பெரிது. அதைவிடவும் முன்னால் பொருத்தும் லென்ஸ் பெரிது. 1975-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின. இன்று சாதாரணக் கேமராவிலும் 24 மெகாபிக்சல் இருக்கிறது. ஆகவே பழைய கேமரா ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, மீதிப் பணத்தை நல்ல லென்சுக்குச் செலவிடுங்கள் என்றேன். அவர் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரிந்தது. புதியதை வாங்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலும்.

அடுத்து, பிரின்ட் போடுவதைப் பற்றிக் கேட்டார். இதைக் கேட்போர் இக்காலத்தில் அரிது, எனக்கு மகிழ்ச்சியாயிற்று. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் கையில் வைத்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்கும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800 புள்ளிகள். அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 புள்ளிகளும் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் வழியிலேயே சுருக்கப்பட்டுவிடும். அதை எடுத்துச் சென்று பெரிதாகப் போடச் சொன்னால் ஸ்டுடியோக்காரர் என்ன செய்வார்? கணினித் திரை தானே ஒளிர்வது, தாளோ பிறர் ஒளியில் தெரிவது. ஆகவே திரையில் சரியாக இருந்த படம் தாளில் இருண்டு போகும், சற்று வெளிச்சம் கூட்டியே கொடுக்க வேண்டும். செல்பேசியில் எடுக்கும் படத்தின் விகிதம் பெரும்பாலும் நாலுக்கு மூன்று. அதை நாலுக்கு ஆறு தாளில் நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். புதுநன்மைக் குழுப் படங்கள் பலவற்றில் பின்வரிசைப் பிள்ளைகளின் தலையைச் சீவியது இக்கணக்கே.

வழிபாட்டு நேரத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் விடை கூறினேன். நற்கருணை மறைபொருளைப் பற்றி 1967-இல் உரோமை வெளியிட்ட அறிவுரை ஏடே இதைப் பேசுகிறது: படம் எடுப்பதால் திருப்பலி குலைதல் ஆகாது, தகுந்த காரணம் இருப்பின் அடக்கத்தோடும் தல ஆயர் வகுத்த நெறிப்படியும் எடுக்க வேண்டும் என்கிறது அது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பரில் ஆற்றிய புதன் மறைக்கல்வி உரையில், இதயங்களை மேலே எழுப்பச் சொல்லும் வேளையில் செல்பேசிகள் மேலே எழுவதையும், அவ்வாறு எழுப்புவோரில் குருக்களும் ஆயர்களும் இருப்பதையும் வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். குருக்கள் என்றவுடன் நான் தலை குனிந்தேன். ஒரு திருமணத்தில், மணமகன் தாலி கட்டி முடித்ததும், “ஃபோகஸ் போய்விட்டது, இன்னொரு முறை கட்டுங்கள்” என்று கேட்ட புகைப்படக்காரர் ஒருவரை நான் கடிந்துகொண்டதுண்டு. கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இருந்ததா என்பது வேறு.

தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கடைசியாகக் கேட்டார் அந்த இளைஞர். “ஃபாதர், கல்லறைத் திருநாளில் படம் எடுக்கலாமா? மெழுகுதிரி வெளிச்சத்தில் முகங்கள் அழகாக இருக்குமே.” இதற்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. நேரமாகிவிட்டதென்று சொல்லிச் சமாளித்தேன். அவருக்கு அன்று சொல்லாததையே இங்கு எழுதுகிறேன்.

அப்போது நான் தேரிக்காட்டை அடுத்த ஒரு பங்கில் பணியாற்றினேன். செம்மணலும் பனையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊர்கள். வெளிநாட்டில் வேலை பார்த்த தங்கை மகன் 2008-இல் பத்து மெகாபிக்சல் கேமரா ஒன்றை வாங்கி வந்து கொடுத்திருந்தான். குருத்துவக் கல்லூரி நாள்களில் ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுத்தவன் நான். எண்ண வேண்டாத கருவி கைக்கு வந்ததும் எதையும் விட்டு வைக்கவில்லை. 2010 நவம்பர் 2 மாலை, கிளைப் பங்கு ஒன்றின் கல்லறைத் தோட்டத்தில் தீர்த்தம் தெளித்து முடித்தேன். மக்கள் தத்தம் கல்லறைகளுக்கு முன் மெழுகுதிரி ஏற்றி அமர்ந்திருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த ஒரு சிறு சிலுவைக்கு முன் மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். பாம்படம் இழந்து தொங்கிய காது. கன்னத்தில் வழிந்த நீரில் சுடரின் ஒளி. மேலங்கிக்குள்ளிருந்து கேமராவை எடுத்து, பிளாஷ் இல்லாமல், நான்கு முறை அழுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நல்லதாயிற்று என்று அப்போது நினைத்தேன்.

நான்கில் ஒன்று மிக நன்றாக அமைந்துவிட்டது. அடுத்த சனவரியில் மறைவட்ட இளைஞர் மாநாட்டில் சிறு படக் கண்காட்சி ஒன்று வைத்தோம். அதற்காக அப்படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரின்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டமும் இட்டேன். பலர் நின்று பார்த்தார்கள். என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அக்கிளைப் பங்கிலிருந்து வந்த பிள்ளைகள் ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுவாரம் திருப்பலி வைக்கச் சென்றபோது மூதாட்டி கோவில் திண்ணையில் காத்திருந்தார். கோபம் ஒன்றும் இல்லை. “சாமி, நான் அழுத மொகந்தான் ஒங்களுக்குக் கெடச்சுதா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் நிசேயா பொதுச்சங்கத்தை நாங்கள் இறையியல் வகுப்பில் விரிவாகப் பயின்றோம். 787-ஆம் ஆண்டு. உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவத்துக்கு உரியவரைச் சென்று சேர்கிறது என்பது அச்சங்கம் உறுதி செய்த கோட்பாடு. தேர்விலும் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். உருவத்துக்கு இழைக்கும் அத்துமீறல் யாரைச் சென்று சேரும் என்று எந்தப் பேராசிரியரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பெண்மணி கணவருக்காக அழுத அழுகை அவருக்கும் கணவருக்கும் இறைவனுக்கும் உரியது. நான் அதைச் சட்டமிட்டு முந்நூறு பேருக்குக் காட்டியிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அது போகட்டும் சாமி. நான் சிரிச்ச மாதிரி ஒண்ணு புடிச்சுத் தாங்க” என்றார். அடுத்த முறை சென்றபோது தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவி, பெட்டியில் வைத்திருந்த சேலையை உடுத்தி, வீட்டு வாசலில் அமர்ந்திருந்தார். மடியில் பாதி முடைந்த பனையோலைப் பெட்டி. அது இல்லாமல் தமக்குக் கை இருக்காது என்றார். கேமராவைப் பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது. அவர் உயரத்துக்கு வருவதற்காக நான் மண்ணில் குந்தினேன். படம் எடுத்துவிட்டு எழ முயன்றபோது அங்கி காலில் மாட்டி மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்தேன். பின்பக்கத் திரையில் காட்டியபோது வாயைப் பொத்திக்கொண்டார். “இது எனக்கு வேணும் சாமி. நான் போறப்போ தலைமாட்டுல வைக்கணும்.”

டவுனுக்குப் போகும்போது பிரின்ட் போட்டுத் தருகிறேன் என்றேன்.

டவுனுக்குப் பலமுறை போனேன். மறைவட்டக் கூட்டம், வங்கி, பள்ளிக் கட்டடத்துக்குச் சிமென்ட். ஸ்டுடியோ பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது. ஒரு தேநீர்ச் செலவு, பத்து நிமிட நேரம். மொத்தமாக எல்லாவற்றையும் போடலாம் என்று தள்ளி வைத்தேன். படம்தான் பத்திரமாக இருக்கிறதே என்ற எண்ணம். அவர் இரண்டு முறை நினைவூட்டினார், பிறகு கேட்கவில்லை. 2012-இல் எனக்கு மாறுதல் வந்தது. அடுத்த ஆண்டில் ஒரு நாள், படங்களைச் சேமித்து வைத்திருந்த ஹார்டு டிஸ்கைக் கணினியில் இணைத்தேன். டிக், டிக் என்ற ஓசை மட்டும் வந்தது. அது கீழே விழவுமில்லை, நனையவுமில்லை. ஐந்தாண்டுப் படங்கள் அதில் இருந்தன. மெமரி கார்டுகளை எப்போதோ அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டேன்.

அயர்லாந்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி பிராங்க் பிரவுனை அந்நாள்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலில் சவுத்தாம்ப்டனில் ஏறிக் குவீன்ஸ்டவுனில் இறங்கியவர் அவர். அமெரிக்கா வரை போக ஒரு செல்வந்தத் தம்பதியர் பயணச் செலவைத் தர முன்வந்தும், சபைத் தலைவர் இறங்கிவிடுமாறு தந்தி கொடுத்ததால் கீழ்ப்படிந்து உயிர் தப்பினார். அவர் எடுத்த படங்கள் அக்கப்பலின் கடைசி நாள்களுக்குச் சான்றாயின. அவர் 1960-இல் இறந்தார். கால் நூற்றாண்டு கழிந்து 1985-இல் அவருடைய பழைய பெட்டி ஒன்றைத் திறந்தபோது ஏறத்தாழ 42,000 நெகட்டிவ்கள் கிடைத்தன. பலவற்றைச் சீர்செய்ய வேண்டியிருந்தது என்றாலும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவம் தெரிந்தது. என்னுடைய டிஸ்கைத் தூக்கிப் பிடித்தால் என் முகம்தான் அதன் மூடியில் தெரிந்தது.

2014-இல் அம்மூதாட்டி இறந்தார். மும்பையில் மளிகைக் கடையில் வேலை பார்க்கும் மகன் ஊர் வந்து சேர்ந்து, என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். “சாமி, நீங்க அம்மாவப் படம் புடிச்சிருக்கிறதா சொல்லிட்டே இருப்பாங்க. கொண்டு வாறியளா?” என்னிடம் எஞ்சியிருந்தது கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்றே. கேட்காமல் எடுத்தது பிரின்ட் ஆகிவிட்டதால் பிழைத்திருந்தது. கேட்டு எடுக்கச் சொன்னது போயிருந்தது. வேறு வழியின்றி அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

மகன் தாளைப் பிரித்தார். நெடுநேரம் பார்த்தார். “இன்னைக்கும் அம்மா அழணுமா சாமி?” என்று கேட்டு, மறுபடி தாளைச் சுற்றி என்னிடமே தந்தார். வாக்காளர் அடையாள அட்டையில் இருந்த படத்தை ஸ்டுடியோவில் பெரிதாக்கி வாங்கி வந்திருந்தார்கள். புள்ளி புள்ளியாய், யாரோ போன்ற முகம். அதைத்தான் தலைமாட்டில் வைத்து மாலை இட்டார்கள். முகமுகமாய்க் காண்பதைப் பற்றிப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை மறையுரையில் விளக்கத் தயாரித்துச் சென்றிருந்தேன். அப்படத்துக்கு முன் நின்று அதைச் சொல்ல நா எழவில்லை. வேறு எதையோ கூறி முடித்தேன்.

அந்தச் சட்டம் இன்னும் என் அறையில்தான், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. கேமரா வாங்க யோசனை கேட்ட இளைஞர் சென்ற வாரம் அறைக்கு வந்தபோது அதைத் திருப்பிப் பார்த்துவிட்டார். “அருமையான படம் ஃபாதர். இதையா திருப்பி வைத்திருக்கிறீர்கள்?” என்றார். கல்லறைத் திருநாளுக்கு என்ன விடை என்று மறுபடி கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன்.

இப்போதெல்லாம் மாத முதல் வெள்ளி நோயாளிகளுக்கு நற்கருணை கொடுத்து முடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய்விடுகிறேன். இம்மாதம் 27 படங்கள், எல்லாம் நாலுக்கு ஆறு. ஒவ்வொன்றின் பின்புறமும் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதி உறையில் இட்டிருக்கிறேன். ஒரு படத்தில் இருப்பவரின் பெயர் மட்டும் எனக்கு மறந்துவிட்டது. சனிக்கிழமை கிளைப் பங்குக்குப் போகும்போது உபதேசியாரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.