ராணியின் தாகம்

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வது பாவம் என்போர் நம் குடும்பங்களில் பலர். பிள்ளைப்பேற்றைத் தடுத்தால் தெய்வம் பொறுக்காதாம்!

ஊர் திரும்பிய நண்பரொருவர் மாதுங்காவில் நம்மிடம் விட்டுச்சென்ற ராணிக்கு எட்டு வயது. சென்ற வைகாசியில், சினைப்பருவம் நீங்கிய ஐந்தாம் வாரம், ஓயாது நீர் பருகத் தொடங்கிற்று, உணவை முகர்ந்தும் பார்க்கவில்லை, வயிறு உப்பிற்று. குட்டி உண்டாகியிருக்கிறதென்று அண்டை வீட்டு மாமி மகிழ்ந்தார். பரேலிலுள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். கருப்பை முழுதும் சீழ். அன்றே கருப்பையையும் சூலகங்களையும் அகற்றினர். இரண்டு இரவுகள் நாம் உறங்கவில்லை. பிழைத்தது.

சினைப்பருவத்திற்குப் பின் ஏறத்தாழ இரண்டு மாதம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. குடலில் வாழும் ஈ. கோலை கிருமிகள் அங்கே ஏறிப் பெருகுகின்றன. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் கசிந்து காட்டிக்கொடுக்கும். மூடிக்கொண்டால் தாகமும் சோர்வும் வாந்தியுமே அடையாளம். கருத்தடை அரிதாயிருந்த ஸ்வீடன் நாட்டில், இன்சூர் செய்த பெட்டைகளில் 100க்கு 20க்கு மேற்பட்டவை 10 வயதிற்குள் இந்நோய்ப்பட்டதாகக் கணக்குண்டு. இளமையில் கருத்தடை செய்த நாய்க்கு இது வருவது மிக அரிது. இதில் பாவம் எப்பக்கம் என்பது நமக்கு விளங்கவில்லை.

மும்பை வெயிலில் தாகம் எவருக்கும் வரும்தான். ஆயினும் சினைப்பருவம் கழிந்த பெட்டை நீருக்கு அலைந்தால் மறுநாள்வரை பொறுக்க வேண்டா. மாதுங்காவிலிருந்து பரேல் இரண்டு நிலையத் தூரமே.